எலுமிச்சம்பழம் மிதித்த ஜீப்பு

மேலகரம்,
பிலவ வருஷம் ஆடி 6

தம்பி சுந்தரபாண்டியனுக்கு அக்கா ஆவுடைத்தாய் எழுதுவது.

அன்னைக்கு நம்ம வீட்டுக் களத்துல இருந்தவங்க யார் யாருன்னு முதல்ல எழுதிடுதேன். பிறகு ஒருத்தரும் நான் அங்கன இல்லன்னு சொல்லப்படாது. நான் இருந்தேன். நீ இருந்தே, காக்கி டவுசரும் பனியனுமா. உன் பொண்டாட்டி ரெங்கம்மா இருந்தா, மயில்கழுத்து நிறச் சேலை கட்டிக்கிட்டு. உன் மக குழல்வாய்மொழி முருங்கை மரத்தடியில காப்பிச் செம்போட நின்னா. என் மகன் மந்திரமூர்த்தி ஜீப்புக்கு அடியில கிடந்தான், கால் ரெண்டும் மட்டும் வெளியே தெரிஞ்சுது. மேக்கரைத் தோட்டத்துக் காவல் செல்லச்சாமி பனந்தடியைத் தூக்கிக்கிட்டு நின்னான். அடுத்த வீட்டு ஆவுடைநாயகம் பிள்ளை நாற்காலி போட்டு உக்காந்து, தான் ஒரு நட்டைக்கூடத் தொடாம, எல்லாருக்கும் வேலை சொல்லிக்கிட்டிருந்தாரு. இம்புட்டுப் பேருதான். வேற ஒரு குஞ்சு குருமான் கிடையாது.

இதை ஏன் எழுதுதேன்னு உனக்குத் தெரியும். கடையநல்லூர்ப் பெரியப்பா வீட்டு விசேஷத்துல பந்தியில உக்காந்து நீ பேசின பேச்சு என் காதுக்கு வந்துட்டு. "மந்திரமூர்த்தி குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த பயலுகளோட சேர்ந்து குடிச்சிட்டு ஜீப்பைக் கொண்டுபோய் மரத்துல விட்டான்"னு சொன்னியாம். இலையில பாயாசத்தை ஊத்தும்போது சொன்னியாம். தாய்மாமன் வாயில இருந்து வந்த பேச்சை ஊரு நம்பாம இருக்குமா?

நடந்ததை நான் சொல்லுதேன், கேளு. உங்க அத்தான் இருக்கையில மிலிட்டரிக்காரன் கழிச்சுப் போட்டதுல வாங்கின ஜீப்பு அது. மேக்கரைப் பாதையில கல்லுலயும் ஓடையிலயும் ஏறி இறங்கி, அதோட பட்டை, வண்டியைத் தாங்குற வில்லுப் பட்டை, எல்லாம் படுத்துட்டு. முன்பக்கத்துல ஒரு பட்டை நடுவுல முறிஞ்சே போச்சு. தென்காசியில பட்டறை இருக்கு, அங்கன கொண்டுபோய் விடுவோம்னு நான் சொன்னேன். நீதான், "பட்டாளத்துல, பர்மா ரோட்டுல நான் பாக்காத ஜீப்பா? வீட்டுலயே மாத்திப்புடலாம் அக்கா"ன்னு கடுதாசி போட்டே. மதுரையில இருந்து புதுப் பட்டையும் குலுக்கலை அடக்குற நாலு ஷாக்கும் சாக்குல கட்டி ரயில்ல கொண்டாந்தே. இல்லன்னு சொல்லலை. கொண்டாந்தது நீதான்.

வேலை செஞ்சது யாரு? ஜாக்கி வச்சு முன்பக்கத்தைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில பனந்தடியை அண்டக் கொடுத்தது செல்லச்சாமி. துருப்பிடிச்ச நட்டுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வச்சது என் மகன். அந்த நட்டைக் கழத்தையில ஸ்பேனர் வழுக்கி உள்ளங்கை கிழிஞ்சதும் அவனுக்குத்தான். பழைய ஷாக்கை நீ கழத்தி என் கையில கொடுத்தே. அமுக்கிப் பாத்தேன். அழுகின வாழைத்தண்டு மாதிரி உள்ள போச்சு. புதுசை அமுக்கினேன், அசையலை. அந்த ஒரு வித்தையை எனக்குக் காட்டினதையும், கடைசியில இடது முன்பக்கத்து நட்டைப் பூட்டினதையும் தவிர அன்னைக்கு நீ செஞ்சது, பாதி நேரம் ஏவுனது, பாதி நேரம் பர்மாக் கதையில இருந்தது.

எல்லாம் மாட்டி முடிச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, மந்திரமூர்த்தி இலஞ்சி வரைக்கும் ஓட்டிட்டு வந்தான். நீ மீசையைத் தடவிக்கிட்டே.

பிறகு ஆனி மாசத்துச் சாரல்ல, பலாப்பழம் ஏத்தி, ஐந்தருவிக் கடைகளுக்குப் போட்டுட்டு, மிச்சத்தோட குற்றாலத்துக்கு இறங்கையில, முன்பக்கத்து இடது சக்கரம் பின்னால இழுத்துக்கிட்டுப் போச்சாம். ஸ்டீரிங்கை வலத்த ஒடிச்சும் வண்டி கேக்கலையாம். மருதமரத்துல போய் முட்டிச்சு. என் மகனுக்கு இடது கை முறிஞ்சுது. செல்லச்சாமிக்கு நாடித் தாடையில தையல். எண்ணெய் தேய்க்கிற ஆளுங்கதான் ஓடியாந்து தூக்கினாங்க. பழுத்து வெடிச்ச பலாப்பழம் என் மகன் தலையில இருந்து கால் வரைக்கும் அப்பிக் கிடந்துச்சு. சாரல்ல நனைஞ்ச பலாச்சுளை எப்படி நாறும்னு மலையடிவாரத்துல பொறந்த உனக்குத் தெரியாதா? அதைச் சாராய வாடைன்னு எவனோ சொன்னான். நீ அதைப் பந்தியில வச்சுப் பரிமாறிட்டே.

ஜீப்பைத் தென்காசிப் பட்டறைக்கு இழுத்துட்டுப் போனாங்க. நானும் போனேன். பட்டையையும் ஆக்ஸிலையும் சேத்துப் பிடிக்கிற வளைஞ்ச போல்ட்டு இருக்கே, அதோட நட்டை என் ரெண்டு விரலால பிடிச்சுச் சுத்தினேன். ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி சுத்துச்சு. நீ பூட்டின நட்டு, தம்பி.

பதில் எழுது. மீசையைத் தடவிக்கிட்டு எழுதாதே. மையி பட்டுரும்.

ஆவுடைத்தாய்


மதுரை,
29-7-61

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். ரெங்கம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மயில்கழுத்துச் சேலை அல்ல, அது கிளிப்பச்சை என்று மட்டும் சொன்னாள்.

அக்கா, அடுப்பங்கரை எங்கே, ஆக்ஸில் எங்கே? விரலால் சுற்றிப் பார்த்தேன் என்கிறாய். பதினெட்டு வருஷம் சர்க்காருக்கு வண்டி பார்த்தவனுக்கு நீ நட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய். சரி, பெரிய மெக்கானிக் ஆகிவிட்டாய் என்பதற்காக உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். புதுப் பட்டை, புதுச் செருப்பு மாதிரி. பாரம் ஏறினால் அது படியும். படிந்தால் நீ சொல்லும் அந்த வளைந்த போல்ட், யூ போல்ட், தளரும். அதனால் ஒரு ஓட்டம் ஓடி வந்ததும் நாலு பக்கமும் நட்டை மறுபடியும் இறுக்க வேண்டும். நேற்றுச் சேர்ந்த ரங்ரூட்டுக்குக்கூட இது தெரியும். நட்டு தளர்ந்தது என்றால் பூட்டியவன் தப்பில்லை. மறுபடி இறுக்காதவன் தப்பு.

நான் அதைச் சொல்லாமல் வந்தேனா? சொன்னேன். தென்காசி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், ரயில் நகரும்போது, ஜன்னல் வழியாக, "ஏலே மந்திரமூர்த்தி, பாரம் ஏத்தி ஒரு ஓட்டம் ஓடினதும் யூ போல்ட்டு எல்லாத்தையும் முறுக்கிரு" என்று சொன்னேன். "சரி மாமா" என்று தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவதில் உன் மகனுக்கு ஒரு குறையும் கிடையாது. வேலையில்தான்.

டிசிப்ளின் இல்லாதவன் கையில் ஸ்டீரிங்கைக் கொடுத்தது உன் தப்பு. குடித்தானா இல்லையா என்று நான் மோந்து பார்க்கவில்லை. குற்றாலத்தில் பார்த்தவர்கள் சொன்னதை நான் சொன்னேன். ஊர் வாயை என்னால் தைக்க முடியாது.

இன்னொன்று. தை மாதம் குழல்வாய்மொழிக்கும் அவனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றினோம். அதை இத்தோடு விட்டுவிடலாம் என்று ரெங்கம்மாள் அபிப்பிராயப்படுகிறாள். நானும் யோசித்தேன். ஒரு நட்டை இறுக்கத் துப்பில்லாதவன் ஒரு குடும்பத்தை எப்படி இறுக்கிப் பிடிப்பான்? முறை மாப்பிள்ளை என்பதற்காகப் பெண்ணைக் கொண்டுபோய் மரத்தில் முட்ட வைக்க முடியாது.

கை எப்படி இருக்கிறது என்று எழுது.

இப்படிக்கு,
தம்பி சுந்தரபாண்டியன்


மேலகரம்,
ஆடி 18

தம்பி,

மயில்கழுத்துதான். கிளிப்பச்சை அவ கோயில் கொடைக்குக் கட்டினது. அவ பெட்டியைத் திறந்து பாக்கச் சொல்லு.

உன் கடுதாசியை நான் ரெண்டு தடவை வாசிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சேன். எனக்குப் பள்ளிக்கூடம் அம்புட்டுத்தான். ஆனா ஞாபகத்துக்கு எவன் பள்ளிக்கூடத்துக்கும் நான் போகலை. அது என் தலையிலயே இருக்கு.

பிளாட்பாரத்துல மந்திரமூர்த்திகிட்ட சொன்னேன்னு எழுதியிருக்கே. அன்னைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு எதுல வந்தோம், சொல்லு? புதுப் பட்டை போட்ட ஜீப்பு வாசல்ல நிக்குது. ஆனா உன் பொண்டாட்டி, "சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு வராத வண்டியில நான் ஏற மாட்டேன்"னு ஒத்தைக் கால்ல நின்னா. அதனால நமசிவாயத்தோட மாட்டு வண்டியைப் பிடிச்சோம். வண்டியில யாரு? நீ, ரெங்கம்மா, குழல்வாய்மொழி, நான். மந்திரமூர்த்தி உள்ளங்கை கிழிஞ்சதுக்கு ஊசி போட கம்பவுண்டர் வீட்டுக்குப் போயிட்டான். "மாமா ரயிலுக்கு வர முடியலை, கோவிச்சுக்காதீய"ன்னு வாசல்லயே உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். பிளாட்பாரத்துல உன் ஜன்னல்கிட்ட நின்னது நான் ஒருத்திதான். ரயில் நகரும்போது நீ என்ன சொன்னே தெரியுமா? "அக்கா, அடுத்த தடவை சீம்பால் கெடச்சா கொடுத்தனுப்பு"ன்னே. யூ போல்ட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சீம்பாலு.

இப்ப நீ மறந்த மாதிரி நடிக்கிறதை நான் எழுதுதேன். உன் பொண்டாட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வாசி.

மந்திரமூர்த்தி இலஞ்சிக்கு ஓட்டிட்டுத் திரும்பி வந்து ஜீப்பைக் களத்துல நிறுத்தினான். நீ உடனே பெரிய ஸ்பேனரைக் கையில எடுத்தே. எடுத்துக்கிட்டு இடது முன்சக்கரத்துப் பக்கம் குனிஞ்சே. அப்ப ரெங்கம்மா சத்தம் போட்டா. "என்ன செய்யுதீய? எலுமிச்சம்பழம் மிதிச்ச வண்டியில, சாமி கும்பிட்டுட்டு வர்றதுக்கு முன்ன இரும்பு படலாமா? எங்க அண்ணாச்சி வீட்டு லாரி அப்படித்தான் கவுந்துச்சு!"ன்னா. நீ நிமிர்ந்தே. "இல்லட்டி, சும்மா பாத்தேன்"னே. ஸ்பேனரைச் சாக்குல போட்டு வாயைக் கட்டினே. ஆவுடைநாயகம் பிள்ளை நாற்காலியில இருந்துகிட்டு, "பர்மாவுல ஜப்பான்காரன் முடியாததை நம்ம ரெங்கம்மா முடிச்சுட்டாளே! மிலிட்டரி சரண்டருவே!"ன்னு சிரிச்சாரு. செல்லச்சாமி சிரிக்கக்கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டான். நீயும் சிரிச்சே.

எதுக்குக் குனிஞ்சேன்னு இப்பத்தான் உன் கடுதாசியைப் பாத்து எனக்குப் புரிஞ்சுது. ஒரு ஓட்டம் ஓடினதும் இறுக்கணும். உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் ஸ்பேனரை எடுத்தே. பொண்டாட்டி ஒரு அதட்டுப் போட்டதும் வச்சுட்டே. அதுவும் போகட்டும். "இறுக்கலன்னா தளரும், ஆளு செத்துருவான்"னு ஒரு வார்த்தை சொன்னியா? அந்த ஒரு வார்த்தையை எங்கிட்டச் சொல்லியிருந்தா, சாஸ்தாவே எந்திரிச்சு வந்து நின்னாலும் நான் அந்த நட்டை முறுக்கியிருப்பேன். எனக்குத் தெரியாது. என் மகனுக்கும் தெரியாது. அவன் ஓட்டத் தெரிஞ்சவன், பட்டை மாத்தினது அன்னைக்குத்தான் முதத் தடவை. தெரிஞ்சவன் நீ ஒருத்தன்.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதா இருந்தோம். நீங்க ரயிலேறின மறுநாளே வாசுதேவநல்லூர்ல உங்க அத்தானோட பங்காளி செத்துப்போனான். தீட்டு. பதினாறு கழியாம கோயில் வாசலை மிதிக்க முடியுமா? கோயிலுக்குப் போகலை, அதனால இரும்பு படலை. ஆனா பலாப்பழம் பங்காளிச் சாவுக்காகப் பழுக்காம காத்துக் கிடக்குமா? ஜீப்பு ஓடிச்சு. தீட்டு கழியறதுக்கு ரெண்டு நாள் இருக்கையில மரத்துல முட்டிச்சு.

சின்ன வயசுல அய்யா கோயிலுக்கு நேந்துவிட்ட கிடாயை அவுத்துவிட்டது நீ. "எவம்லே அவுத்தது?"ன்னு அய்யா கேக்கையில தூணுக்குப் பின்னால நின்னது நீ. சாட்டைக்கம்பால அடி வாங்கினது நான். பட்டாளத்துக்குப் போனா இது தெளியும்னு அம்மா நம்புனா. பாவம், அவ போய்ச் சேர்ந்துட்டா.

கல்யாணத்தை விடணும்னா விடு. உன் மகளுக்கு வேற இடம் கிடைக்கும், என் மகனுக்கும் கிடைக்கும். ஆனா குடிகாரன்னு சொன்ன வாயால இல்லன்னு சொல்லு. நேத்து அவன் கையில கட்டோட குற்றாலத்துக்குக் கடைக்காரங்களைப் பாக்கப் போயிருக்கான். ஒருத்தன், "தம்பி, தெளிவாத்தான் வந்திருக்கியா?"ன்னு கேட்டானாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துட்டான்.

கை கூடிக்கிட்டு வருது. கேட்டியே.

ஆவுடைத்தாய்


மதுரை,
9-8-61

அக்கா,

நீ எழுதியதை ரெங்கம்மாளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

பிளாட்பாரமோ களமோ, எங்கோ சொன்னேன். அவசரத்தில் இடம் மாறியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நினைத்தது மட்டும் நிச்சயம். நினைத்தது மனதிலேயே சொன்ன மாதிரி பதிந்துவிட்டிருக்கலாம். வயது ஆகிறது. அதற்காக என்னை ஏதோ கொலைகாரன் மாதிரி எழுதுகிறாய்.

பூஜை போட்ட வண்டியில் இரும்பு படக்கூடாது என்பது ரெங்கம்மாள் வீட்டில் பெரியவர்கள் வழக்கம். அவளுடைய அண்ணன் லாரி கவிழ்ந்ததும் உண்மை. அவள் பயந்தாள். பயந்தவளை அத்தனை பேர் முன்னால் எதிர்த்துப் பேசி அவமானப்படுத்தச் சொல்கிறாயா? நீயும்தான் அங்கே நின்றாய். நீ பெரியவள். "நீ சும்மா இரு ரெங்கம்மா" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அடங்கியிருப்பாள். உனக்கு எல்லாரையும் அதட்டத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை?

வண்டி ஓட்டுகிறவன் ஓட்டுவதற்கு முன் ஒருதரம் குனிந்து பார்க்க வேண்டாமா? பட்டாளத்தில் என்றால் அவனுக்குச் சார்ஜ் ஷீட்.

இந்தக் கடிதத்தை ஆவுடைநாயகம் பிள்ளையிடம் காட்டாதே. அந்த ஆளுக்கு வேறு வேலை கிடையாது.

சுந்தரபாண்டியன்


மேலகரம்,
ஆடி 28

தம்பி,

"நினைத்தது நிச்சயம்." இதை எழுதுறதுக்கு உனக்கு எத்தனை நாள் ஆச்சு! பிள்ளைகிட்ட நான் காட்டலை. காட்டினா அவரு நாற்காலியோட உருண்டு விழுந்து சிரிப்பாரு, பிறகு அதுக்கு வேற நான் பதில் சொல்லணும்.

எனக்கு அன்னைக்கு ஏன் வாய் வரலைன்னு கேக்குதே. நட்டு தளரும்னு தெரியாதவளுக்கு எதுக்கு வாய் வரணும்? சாமி காரியம்னு ஒருத்தி சொல்லுதா, வண்டியைப் பத்தித் தெரிஞ்ச தம்பி சரிங்கான், நான் நடுவுல என்னத்தைச் சொல்ல? குனிஞ்சு பாக்கணுமாம். அவன் குனிஞ்சு பாத்தான்னே வச்சுக்கோ. சாணியும் சேறும் அப்பின நட்டு தளர்ந்திருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியுமா? ஸ்பேனர் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஸ்பேனர் போடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனது உன் வீட்டு ஆளு. நல்லா இருக்கு உங்க சட்டம்.

பொண்டாட்டியை அவமானப்படுத்தக்கூடாதுன்னு வாயை மூடுனே. சரி. அவளுக்கு மானம் இருக்கு. என் மகனுக்குக் கிடையாதா? அதைப் பந்தியில போட்டு மிதிச்சியே, அப்ப உனக்கு வாய் எங்கிருந்து வந்துச்சு?

நான் பெருசா ஒண்ணும் கேக்கலை. கடையநல்லூர்ப் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு கார்டு போடு. "மந்திரமூர்த்தி குடிக்கவில்லை. நட்டை இறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை." இம்புட்டுத்தான். பொண்டாட்டிக்குப் பயந்தேன்னு எழுத வேண்டாம், அது ஊருக்கே தெரியும். பெரியப்பா அதைக் கோயில் கொடைக்கு எல்லாரும் கூடுற அன்னைக்கு வாசிக்கட்டும். அவரு சத்தமா வாசிப்பாரு.

அந்தக் கார்டு போய்ச் சேர்ந்ததும் நானே மதுரைக்கு வந்து, பூவும் பழமும் வச்சு, உன் மகளை என் மகனுக்குக் கேக்குதேன். ரெங்கம்மா கையால காப்பி குடிக்கிறேன். சீனி போடாம கொடுத்தாலும் குடிக்கிறேன். கார்டு வரலைன்னா தை மாசத்து வெத்திலை பாக்கைத் திருப்பி அனுப்பிடுதேன். அதோட அக்கா தம்பி முடிஞ்சுது.

இதை மந்திரமூர்த்திகிட்டயும் சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டு வாய்க்காப் பக்கம் போனான்.

ஆவுடைத்தாய்


மதுரை,
24-8-61

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கார்டுக்கு இனி அவசியமில்லை.

திங்கட்கிழமை காலை ரயிலில் மந்திரமூர்த்தி இங்கே வந்தான். கையில் கட்டோடு, மறு கையில் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு. உன்னிடம் சொல்லாமல் வந்ததாகச் சொன்னான். நான் அப்போதுதான் சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே, ரெங்கம்மாள் கேட்க, குழல்வாய்மொழி கதவுக்குப் பின்னால் நின்று கேட்க, "மாமா, நட்டை இறுக்கச் சொல்லி நீங்க எங்கிட்டச் சொன்னீங்க. நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்" என்றான். அப்படியே சாஷ்டாங்கமாக விழப் போனான். ஒரு கையை ஊன்ற முடியாமல் தடுமாறியதைப் பார்த்து நானே தூக்கி நிறுத்தினேன்.

இப்போது என்ன சொல்கிறாய், அக்கா? நான் சொல்லவில்லை என்று மூன்று கடிதம் எழுதினாய். சேலை நிறம் முதல் சீம்பால் வரை எழுதினாய். உன் எழுத்தைப் படித்துப் படித்து எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டவனே சொல்லிவிட்டான், கேட்டேன் என்று. ஞாபகம் ஞாபகம் என்று பெருமைப்படுகிறாயே, அறுபது தாண்டிவிட்டது. எல்லாருக்கும் வருவதுதான். இனிமேல் யாரையும் கோர்ட்டில் நிறுத்துகிற மாதிரி எழுதாதே.

அவன் குடிக்கவில்லை, கவனக்குறைவு மட்டும்தான் என்று இனி கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். ஆண்பிள்ளையாகத் தன் தப்பை ஒப்புக்கொண்டான். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது. ரெங்கம்மாள் அவனுக்குத் தன் கையால் தோசை சுட்டுப் போட்டாள். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பலாப்பழம் ருசியாக இருந்தது.

தம்பி சுந்தரபாண்டியன்


மேலகரம்,
ஆவணி 13

தம்பி,

முகூர்த்தம் பாத்தாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கல்யாணத்துக்கு வருவேன். பந்தலுக்குக் கால் நடுறதுல இருந்து மறுவீடு வரைக்கும் மாப்பிள்ளைக்கு அம்மா செய்ய வேண்டிய எல்லாத்தையும் செய்வேன். குழல்வாய்மொழிக்குன்னு எங்க மாமியார் எனக்குப் போட்ட அட்டிகையை எடுத்து வச்சிருக்கேன். அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யலை. இந்த வீட்டுல அவளுக்கு ஒரு குறையும் வராது.

ஜீப்பு பட்டறையில இருந்து வந்துட்டு. நட்டை இறுக்கும்போது பக்கத்துல நின்னேன். ரெண்டு நாள் ஓட்டிட்டு வந்து மறுபடியும் இறுக்கச் சொன்னேன், அப்பவும் நின்னேன். வெள்ளிக்கிழமைதான். எலுமிச்சம்பழம் வச்சுத்தான். ஒண்ணும் ஆகலை.

உன் கடுதாசி வந்த அன்னைக்கு நான் அவனைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். பேசினதை அப்படியே எழுதுதேன். என் ஞாபகத்துக்கு வயசாயிட்டுன்னு எழுதினியே, சரியா இருக்கான்னு அவன் அங்கன வரும்போது நீயே கேட்டுப் பாரு.

"ஏலே, நட்டை இறுக்கச் சொல்லி மாமன் உங்கிட்டச் சொன்னானா?"

"இல்லம்மா."

"பிளாட்பாரத்துல?"

"நான் எங்கம்மா பிளாட்பாரத்துக்கு வந்தேன்? கம்பவுண்டர் வீட்டுலல்லா இருந்தேன்."

"பிறகு எதுக்குலே அவன் வாசல்ல போய்ச் சொன்னாருன்னு சொன்னே?"

கட்டுப் போட்ட கையைத் தடவிக்கிட்டே இருந்தான். பிறகு, "கார்டு வராதும்மா"ன்னான். "மாமா எழுத மாட்டாரு. எழுதணும்னு நெனப்பாரு, எழுத மாட்டாரு. நீ வெத்திலை பாக்கைத் திருப்பி அனுப்பிருவே. நீ சொன்னா செய்வே. பொறவு அவளுக்கு மதுரையிலயே எவனையாவது பாத்துருவாங்க. யாராவது ஒருத்தர் இறங்கணும்லா."

"அதுக்கு நீயா இறங்குவே? செய்யாத தப்பை ஒத்துக்கிட்டா? இனி ஊருல, மாமா சொல்லியும் கேக்காம மரத்துல விட்டவன்னுல்லலே உன்னைச் சொல்லுவான்!"

"சொல்லிட்டுப் போறான். என் பேருதானம்மா. நான் குடுத்துட்டுப் போறேன்."

"உன் பேரா? அது உங்க அய்யா பேருலே. நான் வச்ச பேரு. அதுக்காகத்தான் ராத்திரி பகலா உக்காந்து எழுத்துக் கூட்டி எழுதிக்கிட்டிருந்தேன். உன் மாமன் ஒடிஞ்சு போய், நினைச்சேன்னு எழுதற வரைக்கும் கொண்டாந்துட்டேன். இன்னும் ஒரு கடுதாசி. ஒரே ஒரு கடுதாசிலே!"

அதுக்கு அவன் சிரிச்சான், தம்பி. "நீதான் ஜெயிச்சேன்னு எனக்குத் தெரியும்லாம்மா. எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"ன்னு கேட்டான். போதாது. எனக்குப் போதாது.

உன்னை நான் மன்னிச்சுட்டேன். கிடாயை அவுத்த வயசுல இருந்தே நீ தூணுக்குப் பின்னால நிக்கிறவன். உங்கிட்ட வேற எதை எதிர்பாக்கது? உனக்கு ஒரு தூண் கிடைச்சுது, நின்னுக்கிட்டே. என் மகன் கையில கட்டோட வந்து உனக்குத் தூணா நின்னது மட்டும்தான் புதுசு. அவன் சொன்னது பொய்யின்னு உனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பலாப்பழம் ருசியா இருந்துச்சுன்னு எழுதுதே. அதையும் மன்னிச்சுட்டேன். ரெங்கம்மாவை எப்பவோ மன்னிச்சாச்சு. அவ நம்பினதைச் சொன்னா, நம்பினபடி ஜீப்புல ஏறவும் இல்லை. சொல்லு ஒண்ணு, செயல் ஒண்ணுன்னு இல்லை. உன் வீட்டுல ஆம்பிளை அவதான்.

இந்தக் கடுதாசியைத் தபால்ல போட அவன்தான் எடுத்துட்டுப் போறான். வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கான். கையில கட்டு அவுத்தாச்சு. கொஞ்சம் வளைவாத்தான் கூடியிருக்கு. நான் என்ன எழுதுதேன்னு கேக்கவே இல்லை. கேட்டிருந்தா வாசிச்சுக் காட்டியிருப்பேன். அவனுக்கு வேண்டியது கிடைச்சுட்டு.

வீட்டுல சோறு போடுவேன். அவன் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பேன். ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பொய்யை உண்மையாக்கி உன் கையில கொடுத்து, நான் கண்ணால கண்டதை எல்லாம் கிழவி உளறலாக்கிட்டு வந்து நிக்கானே, என் வயித்துல பொறந்தவன், அவனை நான் கட்டையில போற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். பேரை எழுதிடுதேன், பிறகு யாருன்னு ஒருத்தரும் கேக்கப்படாது.

மந்திரமூர்த்தி.